பூ வைத்துக் கட்டிய கொடி

எனக்குக் கொடி கட்டத் தெரியும் என்று நான் சொன்னது முழுப் பொய் இல்லை. எட்டு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தே ஊர் சுற்றியவன், தனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று சொல்வதும் இந்த வகைதான். அது எனக்குக் கொஞ்சம் தாமதமாக உறைத்தது.

விருத்தாசலத்தில் ஜங்ஷனைத் தாண்டி இருந்த ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் நான் கலர் செக்‌ஷன். செக்‌ஷன் என்றால் நான் ஒருவன்தான். கப்புக்குக் கோடு போடுவது, கண்ணன் பொம்மைக்குக் கண் வைப்பது என் வேலை. நான் கண் வைத்த கண்ணன்களில் பாதிப் பேர் வெண்ணெயைப் பார்க்காமல் பக்கத்து வீட்டைப் பார்ப்பார்கள். சூளைச் சூட்டில் கலர் ஓடிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். சூளை பாவம், அதற்கு வாய் இல்லை.

எழுபத்திரண்டாம் வருஷம் ஜூன் கடைசியில் அந்தச் சூளையின் மேல்வளைவு இடிந்து விழுந்தது. காலை பத்தரை மணி. உள்ளே சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த கொளஞ்சியப்பன், பாவாடை என்ற இரண்டு பேரும் வெளியே வரவில்லை. நாங்கள் முப்பது பேரும் செங்கல்லைக் கையால் அள்ளினோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம்.

முதலாளி ராஜமாணிக்கம் கெட்டவர் இல்லை. பழைய செங்கல்லில் ஒன்றைக்கூட வைக்காமல் எல்லாவற்றையும் வெளியே கொட்டச் சொன்னார். வெளியூரிலிருந்து கொத்தனார்களை வரவழைத்து வளைவைப் புதிதாகக் கட்டினார். ஆறு வாரம் ஆனது. ஆகஸ்ட் பதினாறாம் தேதி மறுபடி சரக்கு ஏற்றுவது என்று முடிவானது. ஆனால் யார் ஏற்றுவது என்றுதான் தெரியவில்லை. எல்லோரும் சூளை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள், மேலே பார்ப்பார்கள், பீடி பற்ற வைத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நான் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. என் மேஜையிலிருந்து டீக்கடைக்குச் சூளையை ஒட்டித்தான் வழி. அந்த ஆறு வாரமும் வேலிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் டீ குடித்தேன். போய்ச் சேர்வதற்குள் டீ குடிக்கும் ஆசையே போய்விடும்.

கொளஞ்சியப்பனின் பெண்சாதி பாஞ்சாலை இதற்குள் மூன்று தடவை கம்பெனிக்கு வந்துவிட்டாள். வேலை வேண்டும் என்று கேட்டாள். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். பெரியது மூன்றாம் வகுப்பு, சின்னது அப்போதுதான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அவளுடைய அண்ணன் ஆவணி பிறந்ததும் வந்து மூன்று பேரையும் அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தான்.

“அங்க போனா ஒரு மூலையில குந்த வெச்சிருவாங்க மொதலாளி” என்றாள் பாஞ்சாலை. “அண்ணன் நல்லவருதான். ஆனா மூலை மூலைதான. எனக்கு இங்க ஏதாச்சும் வேல குடுங்க. களிமண்ணு மிதிக்கிறேன், பொட்டி தூக்கறேன்.”

“வருஷம் திரும்பட்டும்மா” என்றார் முதலாளி. மூன்று தடவையும் அதையே சொன்னார். புருஷனைப் பறிகொடுத்த பெண் ஒரு வருஷம் தெருவில் தலை காட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம். எழுதி வைக்காததால் அதைத் திருத்தவும் முடியாது.

இப்படி இருக்கும்போது கடலூரிலிருந்து ஒரு காகிதம் வந்தது. சுதந்திரம் கிடைத்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது, ஆகவே இந்தத் தடவை எல்லாத் தொழிற்சாலைகளிலும் கொடியேற்றிச் சிறப்பாகக் கொண்டாட வேண்டும் என்று. முதலாளி எல்லோரையும் முற்றத்தில் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டினார்.

மேஸ்திரி சாமிதுரைக்குப் பிடிக்கவில்லை. அவர்தான் செத்துப்போன இரண்டு பேரையும் வேலைக்குச் சேர்த்தவர். இடிந்த அன்றிலிருந்து அவர் சவரம் செய்துகொள்ளவில்லை.

“சாவு விழுந்த எடங்க இது” என்றார். “ஒரு வருஷத்துக்குப் பொங்கலே கெடையாதுன்றோம். இதுல கொடி ஏத்தி, முட்டாய் குடுத்து, கை தட்டி... செத்தவங்க வூட்டுல என்னா நெனைப்பாங்க?”

“கொடி ஏத்தறது பண்டிகையில்ல சாமிதுரை. அது அரசாங்கம்.”

“அரசாங்கத்துக்குத் தீட்டு கெடையாதுங்களா?”

“அரசாங்கம் கடலூர்லயே தல முழுவிட்டுத்தான் மேஸ்திரி பஸ் ஏறும்” என்றேன் நான்.

இரண்டு பேர் சிரித்தார்கள். கப்புக்குக் கைப்பிடி ஒட்டும் அம்சவல்லி சிரிக்கவில்லை. “கலர்காரரே, ஒங்க வாயில சூளை மண்ண வெச்சி அடைக்க” என்றாள். நியாயமான யோசனைதான்.

அப்போது கேட் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“செத்தவங்க வூட்டுல என்னா நெனைப்பாங்கன்னு என்னைக் கேக்கலாமில்ல? நான் இங்கதான நிக்கிறேன்.”

பாஞ்சாலை. நான்காவது தடவையாக வேலை கேட்க வந்தவள், எங்கள் கூட்டத்தைப் பார்த்து ஒதுங்கி நின்றிருக்கிறாள். இடுப்பில் சின்னப் பெண். மேஸ்திரி தரையைப் பார்த்தார். நான் என் விரல் நகத்தில் இருந்த நீலக் கலரைப் பார்த்தேன்.

“கொடி ஏத்துங்க” என்றாள். “நானே ஏத்தறேன்.”

“நீயாம்மா?” என்றார் முதலாளி.

“எட்டு வருஷமா கொடியக் கட்டுனது எங்க வூட்டுக்காரரு. கயித்த இழுக்கறது மட்டும் வேற யாராச்சும். இந்த வருஷம் நான் இழுக்கறேன். இழுத்துட்டு மக்கா நாளு வேலைக்கு வருவேன். எல்லாருக்கும் முன்னால நின்னு கொடிக் கயிறு இழுக்கலாம்னா சாகர் பொட்டியும் தூக்கலாம். அப்ப வருஷம் திரும்பணும்னு சொல்லக் கூடாது.”

சாகர் என்பது சுடாத பச்சைச் சரக்கை உள்ளே வைத்துச் சூளையில் அடுக்கும் மண்பெட்டி. ஒவ்வொன்றும் நல்ல கனம். முதலாளி கையிலிருந்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விதவை கொடி ஏற்றலாமா கூடாதா என்று கடலூர்க்காரர்கள் அதில் எதுவும் எழுதவில்லை.

“மொதல்ல கொடி நல்லபடியா ஏறட்டும்மா” என்றார் கடைசியில். “நல்லபடியா ஏறிச்சின்னா அப்புறம் நான் வேணாம்னு சொல்லல.”

முதலாளிகளுக்கு இந்த ‘நல்லபடியா’ ரொம்பச் சௌகரியமான வார்த்தை. ஏதாவது கோணலாகப் போனால் அவர் சொன்ன சொல்லும் அதோடு போய்விடும். அது பாஞ்சாலைக்கும் புரிந்தது. சரி என்று தலையை ஆட்டினாள்.

“கொடி யாரு கட்டறது?” என்று கேட்டாள் அம்சவல்லி.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

கொளஞ்சியப்பன் கொடி கட்டுவது ஒரு காட்சி. துணியை நீளவாக்கில் மடிப்பான். நடுவில் பூவை வைப்பான். சுருட்டிப் பொட்டலமாக்கி, கயிற்றில் ஒரு சுருக்குப் போட்டுக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றிவிடுவான். கீழே நிற்கும் பெரிய மனிதர் கயிற்றை லேசாக வெட்டி இழுத்தால் போதும், சுருக்கு அவிழ்ந்து கொடி விரியும், பூ கொட்டும், எல்லோரும் கை தட்டுவார்கள். அந்த எட்டு வருஷமும் பூத் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். அவன் விரலைப் பார்த்ததைவிட நான் அடித்த ஜோக்குக்கு அவன் சிரிக்கிறானா என்று முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். சிரிப்பான். நல்ல மனிதன், மட்டமான ஜோக்குக்கும் சிரிப்பான்.

பதினான்காம் தேதி மேஸ்திரி என்னைத் தனியே கூப்பிட்டார்.

“விருத்தகிரி, கொடியில பூவு வேணாம்.”

“ஏன் மேஸ்திரி?”

“கொடியில இருந்து விழற பூவு கீழ நிக்கறவ தலையிலதான விழும்? தாலி அறுத்து ரெண்டு மாசம் ஆவல. அவ தலையில பூ விழுந்துச்சின்னா ஊரு அதத்தான் பேசும். கொடியப் பேசாது. அந்தப் பொண்ணுக்குத்தான் கெட்ட பேரு.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. “சரிங்க மேஸ்திரி” என்றேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகும் வழியில் பாஞ்சாலை தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, கொடியில பூவு வெப்பீங்கல்ல? பூவில்லாம அவுரு கட்டுனதே இல்ல.”

“சரி பாஞ்சாலை” என்றேன்.

ஒரே நாளில் இரண்டு பேருக்கு எதிரெதிராகச் சரி சொன்ன திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். எனக்கு வீட்டில் நல்ல பெயர் இல்லாததற்குக் காரணம் இதுதான் என்று என் மனைவி கனகா அடிக்கடி சொல்வாள். அன்றைக்கும் சொன்னாள். சொல்லிவிட்டு, “பூவு வெய்யிங்க, அந்தப் பொண்ணு கேட்டிருக்குது” என்றாள்.

வைத்தேன். கோயில் பக்கம் போய் ரோஜா இதழும் சாமந்தியும் வாங்கி, சாப்பாட்டு டப்பாவில் போட்டு எடுத்து வந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு, பாண்டம் காயவைக்கும் கொட்டகையில் பலகை அடுக்குகளுக்குப் பின்னால் உட்கார்ந்து கொடியைக் கட்டினேன். பூ வைத்ததும் பொட்டலம் உப்பிக்கொண்டது. மேஸ்திரி பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். அதனால் இறுக்கிச் சுருட்டினேன். இறுக்கிச் சுருட்டியது பிரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். மேலே போகும்போது அவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியதால் இன்னொரு சுற்று. ஊறுகாய் ஜாடியை லாரியில் ஏற்றும்போது வைக்கோல் சுற்றுவது மாதிரி சுற்றியிருக்கிறேன். அப்போது எனக்கு அது மிகவும் பத்திரமாகத் தெரிந்தது.

எட்டரை மணிக்கு எல்லோரும் முற்றத்தில் நின்றோம். துவைத்த வேட்டி, துவைத்த புடவை. வெள்ளை மண் தூசி மட்டும் ஓரங்களில் அப்படியே இருந்தது, அது எங்களை விட்டுப் போகாது. பாவாடையின் அம்மா வீரம்மாளும் மங்கலம்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சவுக்குக் கம்பத்தின் உச்சியில் என் பொட்டலம் போய் நின்றது. முதலாளி நான்கு வார்த்தை பேசினார். எந்த நான்கு என்று யாருக்கும் நினைவில்லை. பாஞ்சாலை முன்னால் வந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை, தலையில் ஒன்றும் இல்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

ஒன்றும் ஆகவில்லை.

இன்னொரு தடவை இழுத்தாள். கம்பம் லேசாக ஆடியது. பொட்டலம் பொட்டலமாகவே இருந்தது. மூன்றாவது தடவை கொஞ்சம் வேகமாக இழுத்தாள். முடிச்சு இன்னும் இறுகுவது எனக்குக் கீழே இருந்தே தெரிந்தது.

“இரும்மா” என்று மேஸ்திரி வந்து இழுத்தார். அவர் இழுத்த இழுப்பில் கம்பம்தான் வளைந்தது.

பின்னாலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: “அதான் சொன்னேன். சாவு விழுந்த எடத்துல...” இன்னொரு குரல், “நாளைக்கி நான் சூளைக்குள்ள போமாட்டம்ப்பா” என்றது. வீரம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். முதலாளி வானத்தைப் பார்த்தார். அவருடைய ‘நல்லபடியா’ பத்திரமாக அவர் பைக்குள் திரும்பிப் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீமுஷ்ணத்து பஸ்ஸும் அந்த மூலையும் தெரிந்தன. ஒரு கேனையன் போட்ட மூன்று சுற்றுக் கயிற்றால் மூன்று உயிர்கள் ஊர் மாறப் போகின்றன.

“கொடிக்குக் கொஞ்சம் கூச்சம் போல” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடிய ஒருவன் அங்கே இல்லை.

பாஞ்சாலை கயிற்றின் மறுபக்கத்தைப் பிடித்துப் பொட்டலத்தைக் கீழே இறக்க ஆரம்பித்தாள்.

“அம்மா, அம்மா!” என்று பதறினார் முதலாளி. “பாதியில கொடிய எறக்கக் கூடாதும்மா. தப்பு.”

“இன்னும் ஏறவேயில்லீங்களே மொதலாளி. ஏறுனாதான எறக்கறதுக்கு.”

பொட்டலம் அவள் கைக்கு வந்தது. முடிச்சை விரலால் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இன்னா அண்ணே இது? கண்ணுக்குட்டியவா கட்டுனீங்க?”

இப்போது சிரித்தார்கள். முப்பது பேரும். எட்டு வருஷம் நான் ஜோக்கடித்து வாங்காத சிரிப்பு. எனக்கு வலிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சிரித்தால் தேவலை என்றுதான் இருந்தது, சிரிக்கிறவர்கள் சகுனம் பார்க்க மாட்டார்கள்.

அவள் தரையில் உட்கார்ந்து பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். கொடியைப் பிரித்ததும் நசுங்கிய ரோஜாவும் சாமந்தியும் மடியில் கொட்டின. சிரிப்பு நின்றது. மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வைக்கு நான் வேறு பக்கம் திரும்பி, ஜாடி அடுக்கில் எத்தனை ஜாடி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாஞ்சாலை கையைப் புடவையில் துடைத்தாள். கொடியை மடியிலேயே விரித்து நீளவாக்கில் மடித்தாள். கொளஞ்சியப்பன் மடித்த அதே மடிப்பு.

“ஒனக்கு எப்டிம்மா தெரியும்?” என்றாள் அம்சவல்லி.

“ஆகஸ்ட்டு பொறந்துட்டா வூட்ல தெனமும் இதே கூத்துதான். துணி காயப்போடற கயித்துல என் துண்ட இப்டித்தான் கட்டுவாரு. நான் கீழ நின்னு இழுக்கணும். ஒழுங்கா அவுருதான்னு பாக்கறதுக்கு.” குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். “உள்ள வேப்பெலதான் வெப்பாரு. பூவெல்லாம் கம்பெனிக் கொடிக்குத்தான். ஒரு தடவ கூட எனக்குப் பூவு வெச்சதில்ல அந்த மனுசன்.”

மடியிலிருந்த பூவை ஒரு கையால் கூட்டி அள்ளினாள். மேஸ்திரி ஒரு அடி முன்னால் வந்தார்.

“பாஞ்சால, பூவு வேணாம்மா. கயிறு இழுக்கறவ நீ. ஒன் தலையில விழும்.”

“விழட்டும் மேஸ்திரி. செங்கல்லே விழுந்துடுச்சி. பூவு விழுந்தா என்னா?”

வீரம்மாள் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தாள். நான் பயந்தேன், திட்டப் போகிறாளோ என்று. கிழவி குனிந்து, தரையில் வெள்ளை மண்ணில் சிதறிக் கிடந்த இதழ்களைப் பொறுக்கி, மண்ணை ஊதி, பாஞ்சாலையின் கையில் போட்டாள். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பாஞ்சாலை பொட்டலத்தைச் சுருட்டினாள். தளரத்தான் சுருட்டினாள், எனக்குப் பார்க்கப் பதற்றமாக இருந்தது. ஒரே ஒரு சுருக்கு. தானே மேலே ஏற்றினாள். உச்சிக்குப் போனதும் கயிற்றை லேசாக வெட்டி இழுத்தாள்.

கொடி விரிந்தது.

கை தட்ட ஒரு நிமிஷம் ஆனது. அதற்குள் மேற்கிலிருந்து காற்று அடித்து, பூவில் முக்கால்வாசியைத் தூக்கிக்கொண்டு போய் மேஸ்திரியின் தலையிலும் ஏழு வாரத் தாடியிலும் கொட்டியது. பாஞ்சாலையின் மேல் நான்கைந்து இதழ்கள்தான் விழுந்தன. அவள் தட்டிவிடவில்லை. மேஸ்திரியும் தட்டிவிடவில்லை, தாடியில் ஒரு சாமந்தியோடு விறைப்பாக நின்றார். ஜனகணமன பாடினோம். பாதிக்கு மேல் எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் பாஞ்சாலையின் மகள்தான் முழுதாகப் பாடினாள். நாங்கள் பின்னால் முணுமுணுத்துக்கொண்டு போனோம்.

மிட்டாய் கொடுத்து முடிந்ததும் பாஞ்சாலை முதலாளியிடம் போனாள்.

“நாளைக்கி எத்தினி மணிக்கு வரட்டுங்க?”

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தாடியிலிருந்த பூவை எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“எட்டு மணி” என்றார். “லேட்டா வந்தா நான் மனுசனா இருக்கமாட்டேன், சொல்லிட்டேன்.”

மறுநாள் அவள் ஏழே முக்காலுக்கு வந்தாள். நாங்கள் ஆண்கள் பத்துப் பேர் சூளை வாசலில் வழக்கம்போல மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் டீக்கு வேலிப் பக்கமாகப் போகலாம் என்று கிளம்பியவன், கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். பாஞ்சாலை தலையில் சும்மாடு வைத்து ஒரு சாகர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி நேராக வாசலுக்குள் போனாள். இடிந்த பிறகு உள்ளே போன முதல் ஆள்.

“எங்க வெக்கணும்? யாராச்சும் சொல்லுங்க, கனக்குது” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. புதுச் செங்கல்லில் அந்தக் குரல் கணீரென்று எதிரொலித்தது.

மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அவர் பின்னால் இரண்டு பேர். பிறகு வரிசை தானாக அமைந்துவிட்டது, கைக்குக் கை பெட்டி மாறியது. எனக்கு இதில் ஒரு வேலையும் இல்லை, நான் கலர் செக்‌ஷன். எப்படி வாசலுக்கு உள்ளே, வளைவுக்கு நேர் கீழே வந்து நின்றேன் என்று தெரியவில்லை. மேலே பார்க்கவில்லை.

“அண்ணே, தூங்கறீங்களா? அடுத்தத குடுங்க” என்றாள் பாஞ்சாலை.

கொடுத்தேன்.